தீர்த்தம் தெளித்த மூட்டை

காரில் மலையேறி வருகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "மருந்து அடிச்சீங்களா?" என்பதுதான். இல்லை என்போம். உண்மைதான். துளசிக்கும் ஆவாரம்பூவுக்கும் யார் மருந்து அடிக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை போதும் அவர்களுக்கு. மூக்கில் வைத்து மோந்து பார்த்து, கண்ணை மூடி, "இயற்கை, இயற்கை" என்று சொல்லிக்கொண்டு அள்ளிப் போவார்கள். எங்கே காய வைத்தீர்கள், காய்கிறபோது ஆடு வந்து படுத்ததா, அள்ளின கையைக் கழுவினீர்களா என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம். பொய்தான் சொல்லியிருப்பேன். அப்படிச் சொன்ன ஒரு பொய், என் வீட்டுக்காரர் உயிரில் கை வைத்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். எங்கள் ஊர் காவலூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் நடுவில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கால் மணி நேரம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. காலையில் குளித்து அம்மனுக்கு விளக்கு வைக்காமல் பச்சைத் தண்ணீர் வாயில் படாது எனக்கு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவதைப் படித்துவிட்டு, சாமி நம்பிக்கை இல்லாத யாரோ ஒருத்தி எழுதினது என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. அதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் மகளிர் குழுவில் பதினோரு பேர். தலைவி என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. துளசி, எலுமிச்சைப்புல், ஆவாரம்பூ மூன்றையும் பறித்துக் காய வைத்து மூட்டை கட்டுவோம். ஆலங்காயம் பக்கமிருந்து ஒரு வியாபாரி வேனில் வந்து ஏற்றிப் போவார். அதைக் கலந்து, அழகான பொட்டலத்தில் போட்டு, மலைப் படமும் ஒட்டி, மூலிகை டீ என்று விற்பது அவர் வேலை.

காய வைப்பது களத்தில். களம் என்றால் சாமை அடிக்கிற சிமெண்டுத் தரை. மாடு மிதிக்கிற தரை. சாணி கிடந்தால் விளக்குமாற்றால் தள்ளிவிட்டு அங்கேயே இலையைப் பரப்புவோம். சாணியை நாங்கள் அழுக்கில் சேர்த்ததே கிடையாது. வாசலுக்கே அதைத்தானே தெளிக்கிறோம். ஆட்டுப் புழுக்கை விழுந்தால் பொறுக்கி எறிவோம். பொறுக்கின கையாலேயே இலையைப் புரட்டுவோம். நடுவில் மூக்கைச் சிந்துகிறவர்களும் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம், நானும் சிந்தியிருக்கிறேன்.

நாலு நாள் வெயிலில் இலை அப்பளமாகிவிடும். அப்படியே அடைத்தால் மூட்டைக்குள் நொறுங்கித் தூளாகும். தூளாகப் போனால் வியாபாரி முகம் சுளிப்பார். அங்கேதான் தீர்த்தம் வருகிறது. அம்மன் கோயிலுக்குப் பின்னால் பாறை இடுக்கில் ஒரு சுனை உண்டு. மூட்டை கட்டுகிற அன்றைக்கு அதில் ஒரு குடம் மொண்டு வந்து, மஞ்சள் கரைத்து, வேப்பிலைக் கொத்தால் குவியல்மேல் தெளிக்க வேண்டும். மலையை விட்டு இறங்குகிற சரக்கு அம்மன் பார்வை பட்டுத்தான் இறங்கணும் என்பது எங்கள் வழக்கம். வழக்கப்படி மூன்று தரம் தெளித்தால் போதும். நாங்கள் குடம் காலியாகிறவரை தெளித்தோம். இலை நெகிழ்ந்து கொடுக்கும், முழங்காலால் அமுக்கி அடைக்கலாம், தராசிலும் கொஞ்சம் கனமாக நிற்கும். தெரிந்துதான் தெளித்தோம். வாய் மட்டும் "தாயே, தாயே" என்று சொல்லிக்கொண்டிருந்தது. குழுவிலேயே பக்தியானவள் என்று அந்த வேப்பிலையை எப்போதும் என் கையில்தான் கொடுப்பார்கள். நானும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னமோ அம்மனே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் போய் நிற்பேன். இப்போது நினைத்தால் அந்த முகத்தில் ஒரு அறை விடலாம்போல் இருக்கிறது.

வீட்டுக்காரருக்குக் கழுத்தில் நெறி கட்டியது அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில். மாவுப் பத்து, சுண்ணாம்புப் பத்து எல்லாம் போட்டோம். கரையவில்லை. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து, ரத்தத்தோடு சம்பந்தப்பட்ட கட்டி என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் ஊசி ஏற்றணும், ஆறு தரம் ஏற்றினால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ஊசி கட்டியை மட்டும் பார்த்து அடிக்காது, உடம்பைக் காவல் காக்கிற வெள்ளை அணுக்களையும் சேர்த்து அடிக்கும் என்று டாக்டரம்மா விளக்கிச் சொன்னார்கள். காய்ச்சல் வரவே கூடாது. கொதித்த தண்ணீர், சூடான சோறு, பச்சையாக ஒன்றும் கூடாது. காய்ச்சல் வந்தால் அடுத்த ஊசி தள்ளிப்போகும், தள்ளிப்போனால் கட்டி மறுபடி வளரும். இதை எனக்கு இரண்டு தரம் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன். ஒப்பிக்கிறதோடு என் படிப்பு நின்றுபோனது.

இரண்டாவது ஊசி போட்டு வந்த நாலாம் நாள், வியாபாரி வீட்டுக்காரரைப் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

"இன்னாண்ணா, இப்டி எளைச்சிகிற" என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். "வூட்டு மூலையில மருந்த மூட்டையா கட்டி வெச்சிகினு வேலூருக்கு ஓடறியே. உன்ன இன்னா சொல்றது."

வீட்டுக்காரர் சிரித்தார். "நீதான் அத்தினியும் ஏத்திகினு போயிடறியே. மிச்சம் ஏது?"

"மூலையில ஒண்ணு நிக்குது பாரு. அதுல ஒரு கைப்பிடி எடுத்து தெனம் குடி. ரத்தம் சுத்தமாயிடும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா கொதிக்க வெச்சிடாதம்மா. கொதிச்சா சத்து பூரா ஆவியா போயிடும். வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி பிளாஸ்க்குல போட்டு மூடிடு. நாள்பூரா ஊறட்டும். அப்பப்ப ஒரு டம்ளர்."

"ஆஸ்பத்திரில எல்லாமே கொதிச்சித்தான் குடுக்கணும்னாங்க."

"அது தண்ணிக்கி சொன்னதும்மா. இது மூலிகை. மூலிகையே கிருமிய கொல்ற சாமான். அதுல ஏது கிருமி? போன்ல ஒருத்தரு சொல்றாரு, லட்சம் பேரு பாக்கறாங்க. எல்லாரும் இன்னா பைத்தியமா?"

இருக்கலாமே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆள் வருஷம் பூராவும் மூலிகை விற்றவர். ஒரு செடியைக்கூட வேரோடு பார்த்தது கிடையாது. துளசியையும் காட்டுத் துளசியையும் பக்கத்தில் வைத்தால் விழிப்பார். அவர் பேச்சுக்கு நான் தலையாட்டினேன். ஆறு வருஷம் படித்து, ஆறு வருஷம் ஆஸ்பத்திரியில் நின்று வேலை பார்த்த டாக்டரம்மா பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். ஏன் என்று கேட்டால், வியாபாரி சொன்னது சுலபமாக இருந்தது. அத்துடன், நான் தெளித்த தீர்த்தம் அந்த இலையில் இருக்கிறது, அம்மன் கூட இருக்கிறாள் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அம்மனிடம் யாரும் கேட்கவில்லை.

மூலையில் நின்ற மூட்டை போன மாசம் கட்டினது. வேனில் இடம் போதாமல் நின்றுபோனது. மண்தரையில், சுவரை ஒட்டி. மழை நாலு நாளாகப் பிடித்திருந்தது. பிரித்தபோது புழுங்கின நெல் மாதிரி ஒரு வாடை வந்தது. இலைகளுக்கு நடுவே வெள்ளையாக நூல்போல் கொஞ்சம் ஓடியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா. வாயால் ஊதிவிட்டேன். ஊதிவிட்டு, கைப்பிடி அள்ளி, பிளாஸ்க்கில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, திருநீறும் ஒரு துளி போட்டு மூடினேன்.

ஆறு நாள் குடித்தார். "வாடை ஒரு மாதிரி கீதுமே" என்று ஒரு தரம் சொன்னார். மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஏழாம் நாள் காலையில் அவருக்குக் குளிர் தூக்கிப் போட்டது. வயிறும் கழன்றது. மூன்று கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. பக்கத்து ஊர் ஜீப்பைப் பிடித்து, ஆலங்காயம் வழியாக மலை இறங்கி வேலூர் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. வழி முழுக்க அம்மனைக் கூப்பிட்டேன். பிளாஸ்க்கையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். வழியில் இரண்டு மடக்கு கொடுக்கவும் செய்தேன். இதை எழுதுகிறபோது கை கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் ஒரு நர்ஸ் கையில் அட்டையோடு வந்து கேட்டார். வயசு முப்பது இருக்கும். "வெளிச் சாப்பாடு ஏதாவது குடுத்தீங்களா? பச்சையா ஏதாவது? நாட்டு மருந்து, கஷாயம், மூலிகை டீ?"

"இல்லீங்க" என்றேன்.

பை என் காலடியில் இருந்தது. பிளாஸ்க்கின் மூடி வெளியே தெரிந்தது. காலால் உள்ளே தள்ளினேன். சொன்னால் திட்டுவார்கள், மலைக்காரங்க அப்படித்தான் என்பார்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இதுதான் என் பயம். கட்டில்மேல் ஒரு மனுஷன் எரிந்துகொண்டிருக்கிறார், எனக்குப் பக்கத்துக் கட்டில் மரியாதை. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவருடைய நல்ல குணத்தைப் பற்றி ஊரே பேசும். அன்றைக்கு அந்த நல்ல குணமும் என் பொய்யோடு சேர்ந்துகொண்டது.

ஒரு நாள் முழுக்க ஊசிமருந்து ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை. எதனால் வந்தது என்று தெரியாமல் பொதுவாகப் போடுகிற மருந்தைப் போடுகிறார்கள் என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. மறுநாள் காலை அதே நர்ஸ் வந்து, அட்டை இல்லாமல், என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எந்தூருக்கா?"

சொன்னேன்.

"எனக்கு வாணியம்பாடி பக்கம். எங்கம்மாகூட தெனம் இன்னாத்தையோ காய்ச்சி குடிச்சிகினேதான் கீது. நான் சொன்னா கேக்காது." என் காலடியைப் பார்த்தார். "நான் திட்டமாட்டேன்க்கா. பையில இன்னா கீது?"

அழுகை வந்துவிட்டது. பிளாஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனை நாள், எப்படிக் காய வைத்தது, எந்தத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். களம், சாணி, சுனை, தீர்த்தம், மூலையில் நின்ற மூட்டை, வெள்ளை நூல், எல்லாம் சொன்னேன். ஊதிவிட்டதையும் சொன்னேன்.

"காஞ்சா கிருமி செத்துடும்னு நெனச்சீங்களா?"

"ஆமாங்க. வெயிலு அப்டி அடிச்சிது."

"கொஞ்சம் சாவும். மிச்சம் தூங்கும்க்கா. ஈரம் பட்டா எழுந்துக்கும். நீங்க தெளிச்சி எழுப்பிட்டீங்க. மூட்டையில கட்டி வளர வுட்டீங்க. அப்புறம் வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி மூடி வெச்சீங்களே, கொழந்தைய குளிப்பாட்ற சூடு அது. அதுல ஒண்ணும் சாவாது. நல்லா பெருகும்."

திட்டமாட்டேன் என்று சொன்னதால் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவர் எழுந்து ஓடினதும் டாக்டரம்மா வந்ததும் மருந்தை மாற்றினதும் அரை மணி நேரத்தில் நடந்தது. பிளாஸ்க்கில் இருந்ததையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்காரர் ரத்தத்தில் வளர்ந்ததும் பிளாஸ்க்கில் வளர்ந்ததும் ஒரே இனம், மாடு ஆடு மனுஷன் எல்லோர் குடலிலும் இருக்கிறது, சாணியில் வருகிறது என்றார்.

"கொதிக்க வெச்சிருந்தா சரியா போயிருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இந்தக் கிருமி பெரும்பாலும் செத்திருக்கும். ஆனா பூசணம் விட்டுட்டுப் போற விஷம் கொதிச்சாலும் போகாதும்மா. சில கிருமி கொதியையும் தாங்கும். நல்ல உடம்பு இருக்கிறவங்களுக்கு வயித்துவலியோட போயிடும். இவருக்குக் காவலே இல்லையே. வைத்தியம் முடியிறவரைக்கும் இவருக்கு இது வேணவே வேணாம்." அப்புறம் ஒன்று சொன்னார். "மொத நாளே சொல்லியிருந்தா மொத நாளே மருந்தை மாத்தியிருப்பேன்."

மூன்றாவது ஊசி தள்ளிப்போனது. காய்ச்சல் முழுக்க விட்டு, வெள்ளை அணு ஏறினால்தான் போடுவார்கள். எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது, அதுவரை கழுத்தில் இருப்பது சும்மா இருக்கணும் என்று வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். வேண்டிக்கொள்வதைப் பற்றி எனக்கு ஒரு டாக்டர் சொல்ல வேண்டியதாயிற்று.

பத்து நாளில் காய்ச்சல் விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பும் தோலுமாக வந்தார். இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். தினமும் குளிப்பாட்டுகிறபோது கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று என் விரலுக்குத் தெரியவில்லை.

அந்த வாரத்திலேயே மூட்டை கட்டுகிற நாள் வந்தது. களம் எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே. இலை குவியலாகக் கிடந்தது. பக்கத்துக் கொட்டகையில் போன தடவை கட்டின மூட்டை ஒன்பது நின்றது, எல்லாம் நான் தெளித்தது. வியாபாரி வேனோடு வந்துவிட்டார். ஓரகத்தி குடத்தோடு வந்து என் கையில் வேப்பிலைக் கொத்தைக் கொடுத்தாள்.

"யக்கா, நான் தெளிக்கல" என்றேன். "யாரும் தெளிக்க வேணாம். கொட்டாயில நிக்கறதையும் ஏத்த வேணாம்."

நடந்ததை எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். ஓரகத்தி முகம் கறுத்தது.

"அம்மன் தண்ணியிலயா கிருமி கீதுன்ற? வாய கழுவு."

"அம்மன சொல்லல. சுனையில மாடு குடிக்குது, நாமதான் ஓட்டிகினு போறோம். களத்துல சாணி கெடக்குது, நாமதான் போடறோம். மூணு தரம் தெளின்னா கொடம் பூரா ஊத்தனோம். எதுக்கு ஊத்தனோம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"உன் புருசனுக்கு ஒடம்பு ஆவாதுன்னா அது அவன் ஒடம்பு. பத்து பேரு சரக்க ஏன்மே கெடுக்கற?"

"குடிக்கிறவன் வூட்லயும் ஒருத்தன் இப்டி படுத்துகினு இருப்பான்க்கா. பொட்டலத்துல அதெல்லாமா பாத்து போட முடியும்?"

வியாபாரி சிரித்தார். "வேலூர்ல நல்லா பயமுறுத்தி அனுப்பிகிறாங்கம்மா உன்ன. தலைமொற தலைமொறையா குடிக்கிறாங்க, ஒருத்தனும் சாவல."

செத்தவன் வந்து சொல்வானா என்று கேட்கத் தோன்றியது. கொட்டகைக்குப் போய் முன்னால் நின்ற மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்தேன். எங்கள் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீரை வெதுவெதுப்பாக்கி அதில் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன அந்த பிளாஸ்க்கில் இல்லை, அது குப்பைக்குப் போனது. சொம்பை மூடி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, டம்ளரில் ஊற்றி வியாபாரி முன்னால் நீட்டினேன்.

"நீங்க சொன்ன பக்குவம்தாண்ணா. கொதிக்க வெக்கல. குடிங்க."

டம்ளரைப் பார்த்தார். "நான் டீயே குடிக்கறதில்லம்மா. எனக்கு சுகரு."

"சக்கர போடல."

"இப்பத்தான் கீழ காபி குடிச்சேன்."

"ஒரு மடக்கு."

"பொழுதாவுதும்மா, ஏத்தற வேலைய பாருங்க."

களத்தில் யாரோ ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள்: "லட்சம் பேரு பாக்கறாங்களாம். குடிக்கிறதுக்கு ஒரு ஆளு காணோம்." இரண்டு பேர் சிரித்தார்கள். ஓரகத்தி சிரிக்கவில்லை. அவள் அந்த மனுஷன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வாங்காமல் வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்த கையை.

"குடிச்சிதான் காட்டேன்ப்பா" என்றாள்.

"இன்னாக்கா நீயும்."

"ஊருக்கெல்லாம் நீதான குடிக்க சொல்ற. குடி."

அப்போது வீட்டுக்காரர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்தார். "வுடுங்கப்பா. அந்தாளு குடிக்க வேணாம். குடிச்சிட்டு அவன் பொண்டாட்டி ஜீப்பு தேடி அலையணும்" என்றார். அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. அவரைப் பார்த்தார்கள் எல்லோரும். இரண்டு மாசத்துக்கு முன் சாமை மூட்டையைத் தலையில் தூக்கின ஆள் அவர்.

அன்றைக்கு வேன் காலியாக இறங்கியது. கொட்டகையில் நின்ற ஒன்பது மூட்டையும் எருக்குழிக்குப் போனது. பிரித்துக் கொட்டினபோது நாலு மூட்டையில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்திருந்தது. அவைதான் பார்க்கக் கிடைத்தவை. மற்ற ஐந்தும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன, வாசனையாகக்கூட. அந்த ஐந்தைக் கண்டுதான் எனக்கு அதிகப் பயம்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். மூன்று பேர் குழுவை விட்டுப் போய் அதே வியாபாரிக்குத் தனியாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். சாமிக்குக் குற்றம் சொன்னவள் என்று அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. மிச்சம் இருக்கிற நாங்கள், கால் நட்டு வலை கட்டி, ஆடு எட்டாத உயரத்தில் காய வைக்கிறோம். காம்பை ஒடித்தால் சத்தம் வந்தால்தான் கட்டுவது. நொறுங்கினால் நொறுங்கட்டும். சுனையைச் சுற்றி முள் அடைத்திருக்கிறோம். தீர்த்தத்தை எங்கள் தலையில் தெளித்துக்கொள்கிறோம், அங்கேதான் அதற்கு வேலை இருக்கிறது. காரில் வருகிறவர்கள் இன்னமும் மருந்து அடித்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்காமலேயே நாங்களாக, நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிங்க, உடம்பு முடியாதவங்களுக்குக் கொடுக்காதீங்க என்று சொன்னால், இவளுக்கு என்ன தெரியும் என்பதுபோல் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த இரண்டு வாரம் முடிந்து, ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்ன நாள் வந்தது. விடிந்ததும் கிளம்பி வேலூர் போனோம். எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். அணு ஏறியிருந்தால் இன்றைக்கே ஊசி, இல்லை என்றால் திரும்பிப் போகணும். அவர் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் கந்தர் சஷ்டி தினங்களில் வேண்டுவதுபோல் விரலை மடக்கி எண்ணி வேண்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு அம்மா, என் வயசுதான், மொட்டைத் தலையோடு இருந்த தன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. பேச்சுக் கொடுத்தாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினாள், பச்சை நிறத்தில் பொடி.

"எங்க பொண்ணு இதுலதான் தேறிகினு வருது. ராவிக்கு பச்ச தண்ணியில ஊற வெச்சி காலைல குடுக்கறேன். உங்காளுக்கும் கொஞ்சம் தர்றேன், வாங்கிக்க."

"எங்க காய வெச்சதும்மா?"

"யாருக்கு தெரியும். சாமியாரு ஒருத்தரு குடுத்தாரு."

"இங்க சொன்னீங்களா?"

"சொன்னா திட்டுவாங்களே. இவங்களுக்கு இன்னா தெரியும், ஊசியும் மாத்தரையும்தான."

அப்போது உள்ளேயிருந்து வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த வாணியம்பாடி நர்ஸ்தான். "அணு ஏறியாச்சுக்கா. இன்னைக்கே போட்டுடலாம். கூட்டிகினு வாங்க" என்றார். வீட்டுக்காரரைத் தோளைப் பிடித்து எழுப்பினேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், நல்லாயிடும் போ என்று. நல்ல மனசுதான். அந்தக் கவர் அவள் மடியில் இருந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நான் வெளியே வந்தேன். நர்ஸ் கையைப் பிடித்து, அந்த அம்மா காதில் விழும்படியே சொன்னேன்: "இந்தம்மா பையில ஒரு பொடி கீதுங்க. பொண்ணுக்கு பச்ச தண்ணியில ஊற வெச்சி குடுக்கறாங்களாம். கேளுங்க."

நர்ஸ் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அட்டை கையில் இல்லை. அந்த அம்மா கவரைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, "இல்லீங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள். சொல்லிவிட்டு, நர்ஸ் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். செருப்பில் ஒட்டினதைப் பார்க்கிறதுபோல் பார்த்தாள். நான் தலையைத் திருப்பவில்லை. நர்ஸ் மெதுவான குரலில் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அவருக்கு மூன்றாவது ஊசி ஏறத் தொடங்கியிருந்தது.